கண் மருந்தும் கழா நோன்பும்

ஹாலிதா அக்கா ஸ்கூட்டியைப் படலைக்கு வெளியே நிறுத்தமாட்டார். முற்றம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, மாமரத்துக்குக் கீழே விட்டு, பின்பக்கம் கட்டிய பொதியை அவிழ்த்துக்கொண்டே "தங்கச்சி, வாங்கத் தேவையில்லை, பாக்கவாவது வாங்கோ" என்று கூப்பிடுவார். பார்க்கப் போனவர்கள் வாங்காமல் திரும்பியதாக முள்ளியவளையில் நான் கேள்விப்படவில்லை. என் அலுமாரியில் இரண்டு சீலைகள் இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. அவை எனக்கு எதற்கு என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நிறம் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரி. சீலையைக் கையில் கொடுத்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகமாட்டார். இருந்த இடத்திலேயே பொதிக்குள் கையை விட்டு அதற்குப் பொருந்துகிற சட்டைத் துணியை இழுத்து எடுப்பார். பச்சை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்ன பச்சை? இலைப் பச்சையா, பாசிப் பச்சையா, கிளிப் பச்சையா? என் சித்தி ஒருமுறை "ஏதோ ஒரு நீலம்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அவரிடம் பேச்சு வாங்கினார்.

அவர் பிறந்தது நீராவிப்பிட்டியில். கச்சு முகம்மது நானாவைக் கலியாணம் செய்த கையோடு, தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் ஆயுதத்தோடு நின்ற இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார்கள். மகன் பாஹிமும் மகள் ஸுல்பாவும் அங்கே பிறந்தவர்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது வளவில் கிணறு மட்டும்தான் இருந்தது. நானா வயலைத் திருத்தினார். அக்கா துணி வியாபாரத்தைத் தொடங்கினார். நாற்பது வயது தாண்டிய பிறகு மகளிடம் ஸ்கூட்டி ஓடப் பழகி, கறுப்பு அபாயாவோடு வற்றாப்பளை வரைக்கும் தனியாகப் போய்வருவார். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்த வீட்டுப் பெண்களும் அவரிடம்தான் நைட்டி வாங்கினார்கள்.

வாசிக்கிற கண்ணாடி எடுக்கலாம் என்று அவர் ஒரு கண் முகாமுக்குப் போனார். அங்கே கண்ணில் ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்றார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்குப் பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை. போன மாசந்தான் பாத்தது."

"இது அந்தப் பிரஷர் இல்லை அம்மா. கண்ணுக்குள்ள இருக்கிற பிரஷர்."

கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடியாமல் தேங்கினால், உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் பின்னால் உள்ள நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். நோகாது, சிவக்காது, நேரே பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். பார்வை ஓரத்திலிருந்துதான் போகத் தொடங்கும். போனது திரும்பி வராது. மருந்து விடுவது இருக்கிறதைக் காப்பாற்றத்தான். இதையெல்லாம் கண் கிளினிக்கில் அவருக்கு ஒழுங்காகத்தான் சொன்னார்கள். அவரும் ஒழுங்காகத்தான் கேட்டார். எனக்கு வந்து சொன்னதும் அவர்தான்.

முதலில் ஒரு துளிமருந்து தந்தார்கள். பிறகு இரண்டாவது. அதற்கும் அழுத்தம் போதியளவு இறங்காததால் மூன்றாவதையும் சேர்த்தார்கள். அக்கா மருந்தின் பெயர்களைப் பாடமாக்க மினக்கெடவில்லை. மூடிகளைப் பார்த்து சீலைக்குப் பெயர் வைப்பது போலவே வைத்துக்கொண்டார். இரவில் ஒருமுறை விடுவது மயில்கழுத்து. காலையும் இரவும் விடுவது மாம்பழ மஞ்சள். காலை, பகல், இரவு என மூன்று வேளையும் விடுவது செங்கல். கிளினிக் நேர்ஸும் பிறகு அவரிடம் "அம்மா, மயில்கழுத்து முடிஞ்சுதோ?" என்று கேட்கத் தொடங்கினாளாம்.

அந்த நேர்ஸ் ஒரு விசயம் சொல்லியிருந்தாள். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் கண் தொடங்குகிற இடத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும். கண்ணிலிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் ஒரு சின்ன வழி இருக்கிறது. அழுத்தினால் மருந்து அதன் வழியே இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். அன்று கிளினிக்கில் சனம் முட்டிக்கொண்டு நின்றது. காரணம் சொல்ல நேர்ஸுக்கு நேரமில்லை. அக்காவுக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. வியாபாரத்துக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு யார் இருப்பது?

செங்கல் மூடி மருந்து வந்து கொஞ்ச நாளில் நோன்பு மாதம் பிறந்தது. பகல் முழுவதும் பச்சைத் தண்ணீரும் தொண்டைக்குள் இறங்கக்கூடாத மாதம். அக்கா பகலில் மருந்தை விட்டார். சற்று நேரத்தில் அடித்தொண்டையில் ஒரு கசப்பு வந்தது. வாயில் ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் கசக்கிறது. துப்பிப் பார்த்தார். போகவில்லை. அன்று மாலை நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் அவருக்கு இனிக்கவில்லை.

டொக்டர் மருந்து விடச் சொல்லியிருக்கிறார். கண்ணையும் விட்டுவிட முடியாது. அந்த மாதம் முழுவதும் மருந்தையும் விட்டார், நோன்பையும் பிடித்தார். இரண்டையும் அரைமனதோடு செய்தார். அடுத்த வருட நோன்பிலும் அப்படித்தான். அந்தப் பெருநாளன்று எல்லாரும் புது உடுப்போடு நிற்கையில், இவர் குசினிக்குள் நின்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பை எழுதிவிட்டார். அந்த இரண்டு மாத நோன்பும் முறிந்த நோன்பு. திருப்பிப் பிடிக்கவேண்டும். திருப்பிப் பிடிக்கும்போது கண்ணுக்கு ஒரு சொட்டும் விடக்கூடாது. இனி வரும் நோன்பு மாதங்களிலும் விடக்கூடாது.

கசந்தது பகலில் விட்டதா, காலையில் விட்டதா என்பதும் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே மூன்றையும் நிறுத்தினார். இரவில் விட்ட மருந்து விடியும்வரை தொண்டையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று, நோன்புக்கு முந்திய இரவும் விடவில்லை.

இந்த இடத்தில், ஒருவரும் கேட்கவில்லையா என்று தோன்றும். கேட்கவில்லைதான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, எனக்கே அது பிறகுதான் விளங்கியது.

அவர் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் தேத்தண்ணி ஊற்றுவேன். முன்பு இரண்டு கோப்பை குடிப்பவர், பிறகு பிறகு "வேண்டாம் தங்கச்சி, நோன்பு" என்று சொல்லத் தொடங்கினார். நானும் முதலில் தலையாட்டினேன். மாரியிலும் நோன்பு, சித்திரை வெயிலிலும் நோன்பு. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"என்ன அக்கா, உங்களுக்கு மட்டும் வருசம் முழுக்க நோன்போ?"

"விட்டதைப் பிடிக்கிறன். கழா நோன்பு."

அதற்கு மேல் சொல்லவில்லை. ஸுல்பாதான் அன்று தாயோடு பொதி தூக்க வந்தவள், என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெல்லச் சொன்னாள்.

"அதைப் பற்றிப் பொம்பிளையளிட்டக் கேக்கிறதில்லை அன்ரி. மாசச் சுகவீனம், பிள்ளைப்பேறு எண்டு நோன்பு விடுபட்டுப் போகும். அதைப் பிறகு சத்தமில்லாமப் பிடிப்பம். ஏன் எண்டு கேட்டால் வெக்கக்கேடு. வாப்பாவும் கேக்கமாட்டார்."

"உம்மாவுக்கு இப்ப ஐம்பது தாண்டிட்டுதே பிள்ளை."

"புத்தளத்தில இருந்த காலத்தில நிறைய விட்டிருப்பா. அதைத்தான் இப்ப பிடிக்கிறா போல."

மகள் அப்படி நினைத்தாள். கணவரும் அப்படியே நினைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும், பாவம், கொட்டிலில் பிள்ளை பெற்றவர், எத்தனை நோன்பு விட்டிருப்பார் என்று நினைத்தார்கள். ஒரு பெண் நோன்பு மாதத்துக்கு வெளியே நோன்பு பிடித்தால் ஏன் என்று கேட்காமல் இருப்பது மரியாதை. நல்ல மரியாதைதான். நூறு பெண்களுக்கு அது நிழல் தந்திருக்கும். ஹாலிதா அக்கா அந்த நிழலுக்குள் நின்று தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

திருப்பிப் பிடிக்க வேண்டியது ஒருநாள் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. எண்ணிக்கை பிழைத்திருந்தால் என்ற சந்தேகம் வந்தது. இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்தால் என்ன என்று தோன்றியது. பிறகு திங்களும் வியாழனும் பிடிப்பது பழக்கமாகிவிட்டது. கச்சு முகம்மது நானா மட்டும் "மெலிஞ்சு போறாய்" என்று ஒருநாள் சொன்னார். "வயசு போகுதுதானே" என்று அவர் சொல்லிவிட்டார்.

கிளினிக்கிலும் பிடிபடவில்லை. கிளினிக் நாளில் அதிகாலையே பஸ் ஏறி, வாங்கில் இருந்து, மத்தியானம் தாண்டித்தான் திரும்பவேண்டும். வெறும் வயிற்றோடு தலை சுற்றும் என்று அன்றைக்கும், உடம்பு தேறட்டும் என்று அதற்கு முந்திய சில நாட்களுக்கும் நோன்பு பிடிக்கமாட்டார். நோன்பில்லாத நாட்களில் மூன்று மருந்தையும் நேரம் தவறாமல் விடுவார். ஆகவே அவர்கள் அளக்கிற நாளில் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருக்கும். "நல்லா இருக்கு அம்மா, இதையே விடுங்கோ" என்று எழுதித் தருவார்கள். அவரும் புதுப் போத்தல்களை வாங்கிக்கொண்டு வருவார். யாரையும் ஏமாற்றவேண்டும் என்று அவர் செய்யவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம், கண் மருந்து வாங்க ஆட்கள் யாழ்ப்பாணம் வரைக்கும் அலைந்தார்கள். அதே நோய் உள்ள எங்கள் வடிவம்மா ஆச்சி மருந்தில்லாமல் தவித்தபோது, ஹாலிதா அக்கா ஒரு புதுப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். "என்னட்ட இருக்கு" என்றார். எப்பேர்ப்பட்ட மனம் என்று நாங்கள் எல்லாரும் வியந்தோம். மாதத்துக்கு ஒன்று முடியவேண்டிய போத்தல் இவரிடம் மட்டும் எப்படி மிஞ்சுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

போன வருடம் வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய கிழமை, நல்ல வியாபாரம் நடக்கிற நேரம், அவர் ஸ்கூட்டியோடு ஒரு நாம்பன் கன்றில் மோதி விழுந்தார். பட்டப்பகல், நேர் ரோட்டு. மணிக்கட்டில் வெடிப்பு. கன்று எழும்பிப் போய்விட்டது. துணியெல்லாம் புழுதி. ஓடிவந்து தூக்கிய கன்றுக்காரரிடம் அக்கா சண்டை பிடித்தார்.

"மாட்டைக் கட்டி வைக்கத் தெரியாதோ? குறுக்கால பாய விட்டுட்டு!"

"அது பாயேல்லை அம்மா. நீங்கள் தூரத்தில வரேக்கையே அது வலப்பக்கத்தில நிண்டது. நான் கூப்பிட்டும் நீங்கள் நேரே வந்து இடிச்சனீங்கள்."

அந்த மனிசர் பொய் சொல்லவில்லை. கைக்கு மாவுக்கட்டுப் போட்ட டொக்டர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கண் பகுதிக்கு அனுப்பினார். அவர்கள் ஓரப்பார்வையை அளக்கிற மெசினுக்கு வேறோர் ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பாஹிம் வவுனியாவில் கடை வைத்திருக்கிறான். அவன்தான் தாயைக் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நேரே பார்த்தபடி இருக்கவேண்டும். ஓரத்தில் எங்கேயாவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அமுக்கவேண்டும். இடக்கண்ணுக்கு அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். வலக்கண்ணுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கே நின்ற பிள்ளையிடம் சொன்னாராம்:

"மகள், லைட் வரேல்லை. மெசின் நிண்டு போச்சுது போல."

மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வலக்கண்ணில் நடுவில் ஒரு துவாரம் அளவுக்குத்தான் பார்வை மிச்சம். இடக்கண்ணில் ஓரம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது, ஆனால் காப்பாற்றலாம். ஸ்கூட்டி இனி ஓடக்கூடாது. கண் டொக்டர் முன்பு எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அழுத்தம் எப்பவும் நல்லாத்தானே இருந்திருக்கு, எப்படி இப்பிடிப் போனது?" என்று குழம்பினார். மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா "ஓம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. நோன்பில்லாத நாளில் ஒரு சொட்டுத் தவறியதில்லை. நோன்பு நாள் டொக்டரின் கணக்கில் வராத நாள்.

செய்தி கேட்டு நான் நீராவிப்பிட்டிக்குப் போனேன். கச்சு முகம்மது நானா வயலுக்குப் போயிருந்தார். பாஹிம் வந்து நின்றான். அக்கா விறாந்தைக் கதிரையில் மாவுக்கட்டுக் கையோடு இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பித்தான் முழுசாகப் பார்த்தார். முன்பெல்லாம் பொதிக்குள் பார்க்காமலே துணி எடுக்கிற மனிசி.

"வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள். ஸுல்பா, அன்ரிக்கு ஏதாவது குளிரக் குடு" என்றார். "எனக்கு வேண்டாம், நான் நோன்பு."

ஸுல்பா ஃபிரிட்ஜைத் திறந்து தயிர்ச் சட்டியை இழுத்தாள். அதற்குப் பின்னால் இருந்த சின்னப் பெட்டிகள் சரிந்து நிலத்தில் கொட்டின. துளிமருந்துப் பெட்டிகள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. குனிந்து பொறுக்கியவள் அப்படியே நின்றாள். சிலதில் திகதி முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"உம்மா, இதென்ன?"

"வச்சிரு, அது மிச்சம்."

"மருந்து எப்பிடி மிஞ்சும்? மூண்டு வேளை விட்டால் எப்பிடி உம்மா மிஞ்சும்?"

அக்கா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு வெளியே முற்றத்தைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கவேண்டும். கசப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். குரலில் ஒரு மன்னிப்பும் இல்லை. கடன்பட்டவர் கட்டி முடித்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஸுல்பா பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பாஹிம் ஃபோனை எடுத்து, வவுனியாவில் தான் தொழப் போகிற பள்ளியின் மௌலவிக்கு அடித்தான். விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, சத்தத்தைக் கூட்டித் தாயின் முன்னால் வைத்தான்.

மௌலவியின் குரல் இளமையாக இருந்தது. ஆறுதலாகப் பேசினார்.

"உம்மா, கண்ணுக்கு மருந்து விட்டா நோன்பு முறியாது. தொண்டையில கசப்புத் தெரிஞ்சாலும் முறியாது. வாயாலயோ மூக்காலயோ உள்ளுக்குப் போறது வேற. எங்கட மத்ஹபுச் சட்டத்தில கண்ணை அப்பிடியொரு திறந்த வழியா எடுக்கிறதில்லை."

"அப்ப நான் மருந்து விட்டுப் பிடிச்ச ரெண்டு நோன்பு மாசமும்?"

"அதெல்லாம் நிறைவேறின நோன்பு. திருப்பிப் பிடிக்கத் தேவையில்லை."

"நான் திருப்பிப் பிடிச்சிட்டனே."

"பரவாயில்லை உம்மா, அது மேலதிகமான நோன்பாப் போகும். அதுக்கும் அல்லாஹ்விட்டக் கூலி இருக்கு."

அக்கா ஸுல்பாவின் மடியில் இருந்த பெட்டிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மௌலவி அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்றார்.

"இருக்கிறன். ஒண்டு கேக்கிறன் மௌலவி. கசப்பு வந்த முதல் நாளே நான் இதைக் கேட்டிருந்தால், அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பீங்களோ?"

"ஓம் உம்மா. இது புதுசா வந்த சட்டம் இல்லை. எந்தப் பள்ளியில கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பினம்."

"சரி" என்றார். ஃபோனை மகன் பக்கம் தள்ளிவிட்டார்.

எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தை யார்மீது காட்டுவது என்று தெரியவில்லை. மௌலவி உள்ளதைச் சொன்னார். கிளினிக்கில் அளந்ததை எழுதினார்கள். வீட்டுக்காரர்கள் மரியாதை காத்தார்கள். ஒரு பெண் நேர்மையாக இருக்கப் பார்த்தார். எல்லாரும் சரியாக நடந்து ஒரு கண் போய்விட்டது. அக்கா அழவில்லை. கட்டுப் போடாத கையால் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"இப்ப என்ன நேரம்?" என்று கேட்டார்.

"ரெண்டாகுது உம்மா."

"பகல் மருந்து விடுற நேரம். செங்கல் மூடியைக் கொண்டு வா."

ஸுல்பா புதுப் பெட்டிகளில் திகதி பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்து உடைத்தாள். அக்கா கதிரையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். இடக்கண்ணுக்கு ஒரு துளி விட்டாள். வலக்கண்ணுக்கு மேலே போத்தலைப் பிடித்தபடி அவள் கை நின்றது.

"இதுக்கும் விடவோ உம்மா?"

"விடு" என்றார். "அதுக்கும் நோன்பு முறியாதாமே."